தன் படத்தைத் தானே ஆராய்வது

இங்கிலாந்தில் பள்ளி இறுதிப் படிப்பான ஏ-லெவலின் ஊடகவியலில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை நல்ல வினா ஒன்று இருந்தது. ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஜி325 தாளில், மாணவர்கள் தாங்கள் தயாரித்த படைப்பு ஒன்றையே கோட்பாட்டின் துணையோடு ஆராய வேண்டும். வகைமை, கதைசொல்லல், சித்திரிப்பு, பார்வையாளர், ஊடக மொழி ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்று கேட்கப்படும். மதிப்பெண் 25: வாதத்துக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 10, கலைச்சொல்லுக்கு 5.

ஐந்தில் வகைமைதான் எளிதாகத் தோன்றும். வழுக்கி விழ வசதியான இடமும் அதுவே. “எங்கள் படத்தில் இருட்டு உண்டு, கத்தி உண்டு, முகமூடி உண்டு, ஆகவே இது திகில் படம்” என்று எழுதினால் அது பொருள்பட்டியல், ஆய்வல்ல. இந்தப் பட்டியல் முறையின் ஓட்டையைத் திரைப்பட ஆய்வாளர் ஆண்ட்ரூ டியூடர் 1970களிலேயே காட்டிவிட்டார். வெஸ்டர்ன் படங்களின் இலக்கணத்தைக் கண்டறிய முதலில் வெஸ்டர்ன் படங்களைப் பொறுக்கியெடுக்க வேண்டும். பொறுக்குவதற்கோ அந்த இலக்கணம் முன்பே கையில் இருக்க வேண்டும்.

இந்தச் சுழலிலிருந்து மாணவரை வெளியே கொண்டுவர, திரைப்பட ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 1984இல் எழுதிய கட்டுரையைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் கருத்து. கதைமாந்தர், இடம், பொருள், காட்சிக்கோணம் போன்ற உறுப்புகள் ஒரு தளம், அவற்றுக்கிடையேயான உறவு இன்னொரு தளம் என்று அவர் பிரித்தார். அதே பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்கள் எடுத்த, இரண்டு நிமிடத்துக்கு மிகாத படத் தொடக்கக் காட்சியில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு பெண் தனியாக வீடு திரும்புகிறாள், கதவைத் தாழிடுகிறாள், தொலைபேசி ஒலிக்கிறது. உறுப்புகள் அத்தனையும் வந்துவிட்டன, ஆனால் திகில் இன்னும் பிறக்கவில்லை. அவள் நுழையும் முன்பே கேமரா வீட்டுக்குள், திரைச்சீலைக்குப் பின்னே காத்திருந்தால் நிலைமை மாறுகிறது. பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்ற உறவு அந்த ஒரு ஷாட்டில் உருவாகிவிடுகிறது. கொலையாளி ஒருவன் ஒவ்வொருவராகக் கொல்லும் ஸ்லாஷர் படங்களில் இந்தப் பார்வை கைமாறுவதையும், கடைசியில் உயிர்தப்பும் பெண்ணையும் பற்றி ஆய்வாளர் கரோல் குளோவர் 1992இல் ஒரு நூலே எழுதினார். மாணவருக்கு அவரிடமும் இல்லாத ஒரு சான்று உண்டு: எடுத்துப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிய ஷாட். அது ஏன் சரிப்படவில்லை என்று எழுதும்போது வாதம் தானாக வலுக்கிறது.

வகைமை ஆய்வாளர் ஸ்டீவ் நீலின் கோட்பாடும் அங்கேதான் உயிர்பெறுகிறது. வகைமை என்பது திரும்ப வருவதும் மாறுபடுவதும் சேர்ந்தது என்று 1980இல் அவர் சொன்னதை விடைத்தாளில் பெயரோடு எழுதிவைப்பது யாராலும் முடியும். எதைத் திரும்பச் செய்தோம், எதை மாற்றினோம், ஏன் என்பதைப் படம் எடுத்தவரால்தான் சொல்ல முடியும். காரணம் பல நேரங்களில் வெறும் வசதியாகவும் இருக்கும்: நண்பர்களே நடிகர்கள், ஒரே வீடு, போதாத விளக்கு. அதை மறைக்கத் தேவையில்லை. வகைமைக்கும் பணத்துக்கும் உள்ள உறவு ஹாலிவுட்டிலும் பழையதுதான்.

அந்த வினா இப்போது இல்லை. பாடத்திட்டச் சீர்திருத்தத்துக்குப் பின் 2019இல் நடந்த முதல் தேர்வு முதல், செய்முறையின் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 30ஆகக் குறைந்தது. நீல் இப்போது பெயர் சொல்லிப் பாடத்தில் இருக்கிறார். ஆனால் தேர்வறையில் அவரைப் பொருத்துவது வாரியம் தேர்ந்த படைப்புகளின்மீது. சொந்தப் படத்தைப் பற்றி மாணவர் எழுதித்தருவது சுருக்கமான நோக்க அறிக்கை ஒன்று. அதை எழுதும்போது ஒரு ஷாட்கூட எடுக்கப்பட்டிருக்காது, ஒதுக்கப்பட்டிருக்கவும் செய்யாது.