கிறிஸ்துமஸ் மலர்களில் குடியேறிய பேய்கள்

குளிர்கால இரவுகளில் கணப்பருகே உட்கார்ந்து பேய்க்கதை பேசும் பழக்கம் இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் காலத்திலேயே உண்டு. அதற்கு ஒரு தேதியும் விலையும் குறித்தது விக்டோரியா காலத்துப் பதிப்புத் தொழில். 1843 டிசம்பர் 19 அன்று சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வெளிவந்தது. விலை 5 ஷில்லிங். 6,000 பிரதிகள் சில நாளிலேயே தீர்ந்தன. ஆனால் வண்ணப் படங்களும் பைண்டிங்கும் பணத்தை விழுங்கிவிட, 1,000 பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் அச்சில் மிஞ்சியது 230 பவுண்டுதான். பேய்கள் வந்து கஞ்சனைத் திருத்திய கதைக்கு ஆசிரியர் தாராளமாகச் செலவழித்தது பொருத்தம்தானே!

பிறகு அவர் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்', 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழ்கள், நம் தீபாவளி மலர் மாதிரி, கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்கள் கொண்டுவந்தன. 1855இல் பத்திரிகை முத்திரை வரியும் 1861இல் காகித வரியும் நீங்கியதும் மலிவு இதழ்கள் பெருகின. டிசம்பர் வந்தால் எல்லாருக்கும் பேய் தேவைப்பட்டது.

அந்தத் தேவையைப் பெருமளவு நிறைவேற்றியவர்கள் பெண்கள். எலிசபெத் காஸ்கெல்லின் 'தி ஓல்டு நர்ஸஸ் ஸ்டோரி' (1852) பனியில் நின்று அழைக்கும் ஒரு சிறுமியின் ஆவியைப் பற்றியது. இரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்ட மகளை, அவளுடைய குழந்தையோடு, பனியில் துரத்திய பிரபுவின் குடும்பக் கணக்கு அதற்குள் இருக்கிறது. ஆவிகள் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி முடிவை மாற்றச் சொன்னார் இதழாசிரியரான டிக்கன்ஸ். காஸ்கெல் மசியவில்லை, அவர் செய்ததுதான் சரி. எல்லாரும் பார்க்கும்போதுதான் அந்த மகளைத் தந்தையிடம் காட்டிக்கொடுத்த தங்கை தப்ப முடியாமல் போகிறாள்.

சார்லட் ரிடெல்லின் 'தி அன்இன்ஹேபிட்டட் ஹவுஸ்' (1875) பண விஷயத்தில் இன்னும் வெளிப்படை. பேயால் ஒரு வீட்டுக்குக் குடித்தனக்காரர் நிலைப்பதில்லை. வாடகைத் தகராறு கோர்ட்டுக்குப் போகிறது. கணவரின் கடன்களை எழுதி எழுதியே அடைத்தவர் ரிடெல். இக்காலக் கதைகளைக் கொஞ்சம் சுரண்டினால் வாடகை, சொத்து, வாரிசுரிமை என்று ஏதாவது தட்டுப்படுகிறது.

அந்தக் கணக்கில் அடங்காதது டிக்கன்ஸின் 'தி சிக்னல்-மேன்' (1866). முந்தைய ஆண்டு ஜூனில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர்தப்பி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர். கிறிஸ்துமஸ் மலரில் வந்த இந்தக் கதையில் கிறிஸ்துமஸ் இல்லை. சுரங்கம், சிவப்பு விளக்கு, தந்தி மணி, வேலையைச் சரியாகச் செய்தும் விபத்தைத் தடுக்க முடியாத ஓர் ஊழியர். 'கேரலை'விட இது மேலான பேய்க்கதை என்பேன்.

1891இல் ஜெரோம் கே. ஜெரோம் இந்த வழக்கத்தையே கிண்டலடித்துப் புத்தகம் போட்டார். ஆனாலும் ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) கிறிஸ்துமஸ் நேரத்துக் கணப்பருகில்தான் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் எம். ஆர். ஜேம்ஸ் தம் கதைகளைக் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினார். 1904இல் அவை தொகுப்பாயின. 1971இல் பிபிசி கிறிஸ்துமஸ் பேய்க்கதைத் தொடரைத் தொடங்கியபோது முதலில் எடுத்ததும் அவர் கதையைத்தான். புதிதாக வாசிக்க வருபவர் காஸ்கெல்லிடமிருந்து தொடங்கலாம்.