வாசிப்புக்கும் ஓர் இஸ்னாத்

நபிமொழிக் கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டதும் இரண்டு வினாக்களை எழுப்புவர். சொல்லப்பட்டது என்ன? அது யார் வழியாக வந்தது? முன்னதை மத்ன் என்றும், பின்னதை இஸ்னாத் என்றும் வழங்குவர். ஒருவர் மற்றவரிடம் ஒரு கதைநூலைப் ‘படித்துப் பாருங்கள்’ என்று பரிந்துரைக்கும்போதும் இவ்விரு வினாக்களும் எழ வேண்டும் என்பது என் கருத்து. மார்க்க ஆதாரமாகிய நபிமொழியையும் மனிதர் புனைந்த கதையையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. பெற்றதைப் பொறுப்புடன் கைமாற்றும் ஒழுங்கை அக்கலையிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்பதே நான் சொல்ல வருவது.

அத்தகைய ஒழுங்கு அமைந்த ஓர் இடம் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் கொண்ட இந்த வட்டாரத்திற்கு உலக இலக்கியம் பல்கலைக்கழகத்தின் வழியாக வரவில்லை. நண்பர்களின் கை வழியாகவே வந்தது.

கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள இடைசெவலில், 1920களின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி பத்திரிகைப் பணிக்காகச் சென்னை சென்றார். பின்னர் மலாயாவுக்கும் சென்றார். ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். இருவருக்குமிடையே கடிதங்கள் பாலமாயின. அழகிரிசாமி எழுதிய அக்கடிதங்கள் பிற்காலத்தில் நூலுருவம் பெற்றன. நூல்களும் இசையும் அந்நட்பின் உயிர்நாடியாக இருந்தன. தாம் நுகர்ந்ததை நண்பரும் நுகர வேண்டும் என்ற தவிப்பே அங்கே பரிந்துரையாயிற்று.

அழகிரிசாமியிடம் மற்றொரு சிறப்பும் உண்டு. மாக்சிம் கார்க்கியின் எழுத்துகளைத் தமிழாக்கிய அதே கைதான், கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தையும் பதிப்பித்தது. ருஷ்யாவும் கழுகுமலையும் அவருக்கு ஒன்றையொன்று விலக்குவனவாக இல்லை.

அடுத்த தலைமுறையில் இவ்வழக்கம் தொடர்ந்தது. கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனின் கடை இளம் எழுத்தாளர்கள் கூடிப் பேசும் இடமாக விளங்கியது. கோணங்கி நடத்திய ‘கல்குதிரை’ இதழ் தஸ்தயேவ்ஸ்கிக்கும் மார்க்வெஸுக்கும் சிறப்பிதழ்கள் வெளியிட்டது. சோவியத் நாட்டின் மலிவுவிலைத் தமிழ் நூல்களும் 1991இல் அந்நாடு கலையும்வரை இவ்வட்டாரத்தில் கைமாறின. இத்தகைய சூழலில்தான், மண்ணை விட்டகலாத பூமணியும் சோ. தர்மனும் எழுதினார்கள். முன்னவர் 2014இலும் பின்னவர் 2019இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். அயல்மொழிக் கதை நம்மை வேரறுத்துவிடும் என்ற அச்சம் கரிசலில் பொய்த்துப்போனது.

ஆயினும் குறைகள் இல்லாமல் இல்லை. சில வேளைகளில் நூலைவிட ஆசிரியரின் பெயரே பெரிதாகக் கைமாறியது. இலத்தீன் அமெரிக்கப் பெயர்கள் சிலவற்றை உச்சரித்தலே வாசிப்பின் அடையாளமாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது. படிக்காமல் பரிந்துரைத்தல், அறிவிப்பாளரைச் சந்திக்காமலே அவரிடம் கேட்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும். அங்கே சங்கிலி அறுந்துவிடுகிறது.

இக்குறையைவிட என்னை வருத்துவது வேறொன்று. ருஷ்யாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடம் கிடைத்த அச்சபையில் அரபுக் கதைகளுக்குக் கிடைத்த இடம் சிறிது. அதற்குக் கரிசல் நண்பர்களைக் குறைகூற முடியாது. அரபி அறிந்த நாம் அவர்களிடம் எதையும் கொண்டுசென்று கொடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கோவில்பட்டியில் ஒரு வாசக நண்பர், நஜீப் மஹ்ஃபூஸின் நாவலொன்றை ஆங்கிலம் வழியாக வந்த தமிழில் படித்துவிட்டு, “மூலத்தில் அவருடைய நடை எப்படி இருக்கும், ஹஸ்ரத்?” என்று என்னிடம் கேட்டார். ஹரீரியின் மகாமாத்தைப் பல்லாண்டுகள் கற்பித்த நான் வாய்திறக்க இயலாமல் நின்றேன். மஹ்ஃபூஸ் 1988இல் நோபல் பரிசு பெற்றதையும், 1959இல் ‘அல்அஹ்ராம்’ நாளேட்டில் தொடராக வந்த அவருடைய ஒரு நாவல் அறிஞர்களின் கண்டனத்துக்கு உள்ளானதையும் நான் அறிவேன். அவருடைய ஒரு பக்கத்தையேனும் நான் படித்திருக்கவில்லை. கண்டனம் சரியா தவறா என்பது பின்னர் வரும் வினா. மத்னைப் பாராமல் தீர்ப்பளிக்க எந்த ஆசிரியரும் எனக்குக் கற்பிக்கவில்லை என்பதே அன்று என்னைச் சுட்டது.

ஓமான் நாட்டு ஜோகா அல்ஹார்ஸி 2010இல் ‘ஸய்யிதாத்துல் கமர்’ என்ற நாவலை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2019இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பின்னரே அப்பெயர் நம்மிற் பலரின் செவிக்கு எட்டியது. ஓமானில் பொருளீட்டும் தமிழ் முஸ்லிம்களின் குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உள்ளன. அந்நாட்டின் கதை மட்டும் இலண்டனைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வர வேண்டியிருந்தது.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்னும் தாமிரப்பட்டணத்துக் கதையைப் பாரசீகத்திலிருந்து அரபுத்தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். கண்டி அறிஞர் சித்திலெப்பை, எகிப்தையும் இந்தியாவையும் களமாகக் கொண்டு 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். யூசுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றைத் திருமறை வரலாறுகளில் மிக அழகியதாக எடுத்துரைப்பதை அறிந்த அவர்கள், கதை என்ற சொல்லைக் கேட்டே ஒதுங்கவில்லை. நல்லதைத் தேர்ந்து மக்களிடம் சேர்ப்பதை ஆலிமின் பணிகளுள் ஒன்றாகக் கருதினர்.

குறைகூறியதோடு நின்றால் நானும் பெயரளவில் பேசியவனாவேன். ஆகவே, மூலத்திலேயே படித்த ஒரு கதையைக் கரிசல் நண்பர்களுக்குச் சொல்கிறேன். சூடான் நாட்டு தய்யிப் ஸாலிஹ் (1929–2009) எழுதிய ‘தௌமத்து வத் ஹாமித்’ அது. தௌம் என்பது கிளைவிடும் ஒருவகைப் பனை. நைல் கரைச் சிற்றூரில், ஓர் இறைநேசரின் அடக்கத்தலத்தருகே அம்மரம் நிற்கிறது. நீரிறைக்கும் பொறிக்காகவும், பின்னர் நீராவிப் படகுத் துறைக்காகவும் அரசு அவ்விடத்தைக் கேட்கிறது, ஊரார் மறுக்கின்றனர். வந்த விருந்தாளியிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே செல்கிறார். மரத்துக்கும் அடக்கத்தலத்துக்கும் பொறிக்கும் படகுத்துறைக்கும் அங்கே இடமுண்டு என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று இறுதியில் அவர் கூறுமிடத்தில் கதையின் நெஞ்சு திறக்கிறது. அந்தப் பெரியவரின் பேச்சில் கி.ரா.வின் கிராமத்துக் குரலைக் கேட்டதுபோல் இருந்தது எனக்கு. விளாத்திகுளம் சாலையோரப் பனைகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அம்மரம் அந்நியமாகத் தோன்றாது.

ஒவ்வோர் அரபிக் கல்லூரி ஆசிரியரும் ஆண்டுக்கு ஒரு கதையை மூலத்தில் படித்து, அதன் நிறையையும் குறையையும் உரைத்து, தம் ஊர் வாசகர் ஒருவரிடம் சேர்த்தால் போதும். பெற்றவர் அதை அடுத்தவருக்குக் கொடுப்பார். ‘இதை உமக்குத் தந்தவர் யார்?’ என்று நாளை ஒருவர் கேட்கும்போது, சொல்வதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும்.