களியும் கார்ன் பிளேக்ஸும்

காலையில் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பற்றியெல்லாம் விமரிசனம் எழுதுவதுண்டா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். ஒரு நாவலைப் பற்றி ஒருவன் சொல்லும் அபிப்பிராயத்தைக் காட்டிலும் இட்லியைப் பற்றி அவன் சொல்லும் அபிப்பிராயத்தில் கலப்படம் குறைவு. நாவல் என்றால், பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், பரிசு கிடைத்திருக்கிறதா, ஆசிரியர் நமக்கு வேண்டியவரா என்று பல விஷயங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. இட்லி நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை, அவ்வளவுதான். பூ மாதிரி இருக்கிறது, கல் மாதிரி இருக்கிறது என்று எழுத்தறியாதவர்கூடத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

தானியங்களில் ஒன்றுக்கு மட்டும் இந்த நியாயம் கிடைக்கவில்லை. கேழ்வரகைச் சொல்கிறேன். முதலில் அதைத் தாழ்த்தினார்கள். இப்போது தலைமேல் தூக்கி வைக்கிறார்கள். இரண்டு காரியத்தையும் செய்தவர்கள் அதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

இதை யோசிப்பதற்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் நல்ல குளிர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஒரே உருண்டையை ஒருவர் களி என்பார், அடுத்தவர் சங்கடி என்பார், மூன்றாமவர் முத்தே என்பார். ஊரைச் சுற்றி மானாவாரி நிலம். கிருஷ்ணகிரி வரைக்கும் கேழ்வரகும் அவரையும் மாந்தோப்பும்தான் கண்ணில் படும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. கைக்கடிகாரம் செய்கிற ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு நேரம் இல்லாமல் போனதை வேடிக்கை என்று சொல்வதா, பொருத்தம் என்று சொல்வதா, தெரியவில்லை. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் இருட்டிலேயே வந்து முனையில் நின்றுவிடுகிறது. களி கிண்ட அரை மணியாவது வேண்டும். பஸ் அதற்குக் காத்திருக்காது.

ஆகவே, மளிகைக் கடையின் அலமாரி மாறிவிட்டது. மேல் தட்டில் கார்ன் பிளேக்ஸ், ஓட்ஸ், மியூஸ்லி, சமீப காலமாக ராகி பிளேக்ஸ் எல்லாம் வர்ணப் பெட்டிகளில் நிற்கின்றன. கீழே, தரையில், வாய் திறந்த சாக்கில் கேழ்வரகு. மேல் தட்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற வழக்கைத்தான் விசாரிக்க வேண்டும்.

மேல் தட்டுக்காரரின் பூர்வீகத்தை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்தில் பாட்டில் கிரீக் என்று ஓர் ஊர். அங்கே டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் என்பவர் ஒரு சுகவாச ஆசுபத்திரி நடத்தினார். காரம், மசாலா, மாமிசம் எல்லாம் மனிதனைக் கெடுக்கும் என்பது அவருடைய கட்சி. 1894-ல் அவரும் அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக்கும் வேகவைத்து விட்டுவைத்த கோதுமையை உருளைகளுக்கு நடுவே கொடுத்தபோது அது செதில் செதிலாக வந்தது. பிறகு மக்காச்சோளத்தில் அதே வித்தையைச் செய்தார்கள். ஆக, கார்ன் பிளேக்ஸ் பிறந்தது நோயாளிகளுக்காக. சப்பென்று இருக்க வேண்டும் என்பதுதான் அதன் லட்சியம்! தம்பிக்கு அது பிடிக்கவில்லை. சர்க்கரை சேர்க்க வேண்டும் என்றார். அண்ணன் கூடாது என்றார். 1906-ல் தம்பி தனியாகக் கம்பெனி வைத்துக்கொண்டார். உலகம் முழுவதும் போனது தம்பியின் சரக்குத்தான். மியூஸ்லியின் கதையும் இதேதான். ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் நகரத்தில் பிர்ஷர்-பென்னர் என்ற வைத்தியர் தம்மிடம் வந்த நோயாளிகளுக்காக ஏற்படுத்தியது அது. மேல் தட்டில் நிற்கிற இந்த இரண்டு கனவான்களும் ஆசுபத்திரியிலிருந்து வந்தவர்கள் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தம்பி கெல்லாக்கிடம் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்தக் குடும்பத்தில் நாக்கின் கட்சிக்கு நின்றவர் அவர் ஒருவர்தான்.

சரி, கார்ன் பிளேக்ஸ் எப்படி இருக்கிறது? மக்காச்சோளத்தின் தோலையும் முளையையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை மால்ட்டும் சர்க்கரையும் உப்பும் சேர்த்து வேகவைத்து, உலர்த்தி, நசுக்கி, வறுக்கிறார்கள். சோளத்தின் ருசி என்று அதில் தனியாக ஒன்றும் நிற்பதில்லை. வறுபட்டதின் ருசிதான் நிற்கிறது. அதன் பெருமை முழுவதும் சத்தத்தில் இருக்கிறது. முதல் கரண்டி பிரமாதம். பல்லுக்கு அடியில் சருகு நொறுங்குகிற மாதிரி நொறுங்குகிறது. இரண்டாவது கரண்டியும் மோசமில்லை. நாலைந்து நிமிஷம் போனால் பாலில் ஊறிய காகிதம். முதல் அத்தியாயத்தை மட்டும் அபாரமாக எழுதிவிட்டு மிச்சத்தை எப்படியோ நிரப்புகிற தொடர்கதை ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய ஞாபகம் வருகிறது.

நம் நாட்டில் இந்தக் குறை இன்னும் சீக்கிரமாக வெளிப்பட்டது. கெல்லாக் கம்பெனி 1994-ல் இந்தியாவுக்கு வந்தது. நம் வீடுகளில் பால் என்றால் காய்ச்சின பால். அதைச் சுடச்சுட விட்டுச் சாப்பிடுவதுதான் வழக்கம். சுடு பால் பட்டதும் பிளேக்ஸ் உயிரை விட்டுவிட்டது. குளிர்ந்த பாலில் சாப்பிட வேண்டும் என்று கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்துத்தான் ரசிக்க வைக்க வேண்டும் என்றால் அதில் தவறில்லை, சங்கீதமும் அப்படித்தானே. ஆனால் குளிரில் நடுங்குகிற ஓசூர்க்காரனிடம், ஐந்தரை மணிக்கு, ஐஸ் பெட்டிப் பாலை நீட்டி ரசிக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

நம்மிடமும் செதில் இருந்தது. அவல். ஊறின நெல்லை வறுத்து இடித்துத் தட்டையாக்குவது. பாட்டில் கிரீக் அண்ணன் தம்பிக்கு எத்தனையோ காலம் முந்தியது. கெட்டி அவல், அதிலும் சிவப்பு அவல், சுடு பாலில் சாகாது. மெத்தென்று ஆகும், ஆனால் ஒவ்வொரு அவலும் தன் விளிம்போடு தனித் தனியாகவே இருக்கும். பல்லுக்கு ஏதோ கொஞ்சம் வேலை வைக்கும். கார்ன் பிளேக்ஸையும் அவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தால், இந்த வழக்கில் அவல்தான் ஜெயிக்கும். ஓட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சூடு ஆறினால் போஸ்டர் ஒட்டலாம்.

இனி, களிக்கு வருகிறேன்.

கேழ்வரகு கடுகைப் போலப் பொடி தானியம். அரிசியைத் தீட்டுவதைப் போல அதைத் தீட்டி வெளுக்க முடியாது. தோல் மாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைத்தால் தோலோடுதான் அரைபடும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில் இருக்கின்றன. தானியத்தின் குணத்தை மறைத்து நாகரிகமாக்க வழியில்லை என்பது அதன் துரதிர்ஷ்டம். என் கண்ணுக்கு அதுவே அதன் அதிர்ஷ்டம்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில், தண்ணீர் கொதிக்கும்போது அரிசி நொய்யைப் போட்டு, அது குழைந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டுகிறார்கள். உடனே கிளறுவதில்லை. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்துவிட்டு, சும்மா இருக்கிறார்கள். கொதிநீர் அந்தக் குழி வழியாக மேலே பொங்கி மாவை வேகவைக்கிறது. இந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் சமையலின் உயிர். அவசரப்பட்டுக் கிளறினால் உள்ளே பச்சை மாவு கட்டி கட்டியாக நின்றுவிடும். பிறகு கிளறுவது ஒரு தேகப் பயிற்சி. நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். பலகையில் கொட்டி, ஈரக் கையால் உருட்டினால், உருண்டை எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுக்கும்.

கன்னடப் பக்கத்து முத்தேயில் பெரும்பாலும் நொய் சேர்ப்பதில்லை. வெறும் மாவு. அதனால் அது நல்ல வழவழப்பு. வெண்ணெய் மாதிரி நழுவிப் போகும். பார்வைக்கு அது அழகு. எனக்கு நொய் போட்ட களிதான் உசத்தி. வழவழப்பின் நடுவே அங்கங்கே ஒரு பருக்கை நாக்கில் தட்டுப்படுகிறது. எல்லாம் ஒரே சீராகப் போகிற வசனத்தில் ஒரு பேச்சு வார்த்தை வந்து விழுகிற மாதிரி.

களியைக் கடிக்கக்கூடாது. கடித்தால் பல்லில் அப்பிக்கொள்ளும். "என்னமோ களிமண் மாதிரி இருக்கிறதே" என்று பட்டணத்துக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். கிள்ளி, விரலால் உருட்டி, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். முதலில் நாக்குக்குக் கிடைப்பது குழம்பின் ருசி. தொண்டை தாண்டும்போதுதான் கேழ்வரகின் மண் வாசனையும் மெல்லிய துவர்ப்பும் பின்னால் வருகின்றன. பனிக் காலத்தில் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கி வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்போடு ஒரு தடவை சாப்பிட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். குறையும் சொல்லிவிட வேண்டும். களி தனியாக நிற்காது. குழம்பு மட்டமாக இருந்தால் களியும் மட்டம்தான். ஹோட்டல் சாம்பாரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் களியின் பேரில் குற்றம் சொல்கிறவர்களைக் கோபித்துக்கொள்ள முடியாது.

கார்ன் பிளேக்ஸின் ஆயுள் நாலு நிமிஷம் என்றேன். களியின் ஆயுளைப் பாருங்கள். ஆறினால் மேலே ஒரு தோல் படர்ந்து இறுகுகிறது, கெட்டுப்போவதில்லை. ராத்திரி மிஞ்சியதைத் தண்ணீரில் போட்டு, காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு குடித்தால், நேற்று இல்லாத ஒரு புளிப்பு அதில் வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் காலையில் எனக்கு இட்லி வைத்தார்கள். அடுக்களையிலிருந்து களி கிண்டுகிற வாசனை வந்துகொண்டிருந்தது. களி இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டேன். "அய்யோ, விருந்தாளிக்குப் போய்க் களி வைப்பாங்களா சார்? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் அந்த வீட்டு அம்மாள். அவருடைய மகன் ஆலையில் வேலை செய்கிறவன். அவன் டாக்டர் சொன்னார் என்று ராகி பிளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரே வீட்டில் ஒரே தானியம் அடுக்களையில் வெட்கமாகவும் மேஜையில் மருந்தாகவும் இருந்தது. ருசியாக எங்கும் இல்லை.

இந்த அநியாயம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 16-ம் நூற்றாண்டில் கனகதாசர் கன்னடத்தில் 'ராமதான்ய சரிதெ' என்று ஒரு காவியம் செய்தார். அரிசிக்கும் கேழ்வரகுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. வழக்கு ராமனிடம் போகிறது. ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் போட்டுவைக்கிறான். திறந்து பார்த்தால் அரிசி கெட்டுப்போயிருக்கிறது; கேழ்வரகு அப்படியே இருக்கிறது. ஜெயம் கேழ்வரகுக்கு. உயர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டவரைக் கீழே இறக்கிய காவியம். அதன் துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் தீர்ப்பின் காரணத்தைக் கவனியுங்கள். கேழ்வரகு கெடாது, பூச்சி அரிக்காது, பஞ்ச காலத்துக்கு ஆகும். எல்லாம் உண்மை. ராமன் அதைச் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கேழ்வரகின் பெரிய பக்தரான கவிகூட அந்த ஒரு சாட்சியைக் கூப்பிடவில்லை.

நாமும் கூப்பிடவில்லை. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, எலும்புக்கு நல்லது, நார்ச்சத்து உண்டு என்று பேசினோம். 'நல்ல கருத்துள்ள நாவல்' என்று ஒரு புத்தகத்தைப் புகழ்வார்களே, அந்த மாதிரிப் புகழ்ச்சி இது. கருத்து நல்லது என்கிறவர் அதை இரண்டாம் தடவை படிக்கமாட்டார். சத்துக்காகச் சாப்பிடுகிறவரும், வேறொரு தானியத்தில் அதிகச் சத்து இருக்கிறது என்று நாளைக்கு யாராவது சொன்னால் அங்கே போய்விடுவார்.

ராகி பிளேக்ஸின் கோளாறும் இதிலிருந்து வந்ததுதான். நாலைந்து வகை வாங்கிப் பார்த்தேன். மக்காச்சோளம் பெரிய மணி. உடைத்து நசுக்கினாலும் ஒரு துண்டுக்கு ஒரு செதில் வரும். கடுகளவு மணிக்கு அந்த வேஷம் பொருந்தவில்லை. சில வகை அட்டை. சில வகை பாலில் போட்டதும் சேறு. துவர்ப்பு தெரியக்கூடாது என்று சர்க்கரை. மண் வாசனை வரக்கூடாது என்று ஏலக்காயோ சாக்லேட்டோ. தம்பி கெல்லாக் சர்க்கரை சேர்த்தது, ருசியே இல்லாத ஒன்றுக்கு ருசி உண்டாக்க. இங்கே இருக்கிற ருசியை மூடுவதற்குச் சேர்க்கிறார்கள். பெட்டியின் மேல் சத்துக் கணக்கு மட்டும் பொடி எழுத்தில் பத்து வரி இருக்கிறது.

அவசரக்காரனுக்குக் கேழ்வரகில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. கன்னடத்தில் ஹுரிஹிட்டு என்கிறார்கள். கேழ்வரகில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, உலர்த்தி, சுடு மணலில் போட்டால் மல்லிகை மொட்டைப் போலச் சின்னஞ்சிறு வெள்ளைப் பொரியாக வெடிக்கிறது. அதை அரைத்த மாவுதான் அது. அடுப்பே வேண்டாம். வெல்லத்தையும் சுடு பாலையும் விட்டுப் பிசைந்தால் சாப்பிடலாம். இல்லை, மோரும் உப்பும் போட்டுக் கரைத்துக் குடிக்கலாம். வெடித்த தானியத்தின் வாசனையும் கேழ்வரகின் துவர்ப்பும் இரண்டும் அதில் நிற்கின்றன. மொறுமொறுப்பு இல்லை, இருப்பதாகப் பாவனையும் இல்லை. சுடு பால் அதற்குச் சத்துரு அல்ல. மூன்று நிமிஷத்தில் முடிகிற காரியம். பஸ் வருவதற்குள் சாப்பிட்டுவிட்டு, கையையும் கழுவிக்கொள்ளலாம். பெங்களூரில் பல கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். ஓசூரில் வர்ணப் பெட்டிகள் நிற்கிற அந்த அலமாரியில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் யோசித்துவிட்டு, "அது ஊர்ப்பக்கம் பாட்டிங்க செய்வாங்க சார், இங்கே யாரும் கேட்கிறதில்லை" என்று சொல்லி, ராகி பிளேக்ஸ் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.