ராந்தலும் பதாகையும் உளியும்

பழைய பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுவது கலையாகுமா என்னும் வினா இன்று பலராலும் எழுப்பப்படுகிறது. பாடாத வானொலிப் பெட்டி, தேய்ந்த இசைத்தட்டு, திரைப்படப் பதாகை, புகை படிந்த ராந்தல் ஆகியவை கண்காட்சிக் கூடங்களில் கலைப்பொருள்களாக வீற்றிருக்கின்றன. பார்ப்போர் புன்னகைக்கின்றனர், சிலர் பெருந்தொகை கொடுத்து வாங்கியும் செல்கின்றனர். இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோரும் உண்டு. புதுமை என்று போற்றுவோரும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று: அப்பொருளைச் செய்து பிழைத்தவனுக்கும், அதனை நம்பி வாழ்ந்தவனுக்கும் இந்த விளையாட்டில் இடமுண்டா?

இவ்வினா கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் தனிக் கனம் பெறுகிறது. 2019-இல் தனி மாவட்டமான இப்பகுதியில் மரச்சிற்பத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கோயில் தேர், வாகனம், கதவு, தெய்வ உருவம் என்று உளியால் வாழ்பவர்கள் அவர்கள். 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சாலையும் மின்விளக்கும் அம்மலை ஊர்களுக்கு மெல்ல மெல்லத்தான் ஏறின. நகரத்துக் கலைக்கூடத்தில் ராந்தல் ஓர் அழகிய பழம்பொருள். மலையூர் மூதாட்டிக்கு அது நேற்றுவரை அடுப்பங்கரையின் வெளிச்சம். ஒரு பொருள் பழையதா, புதியதா என்பதைக் காலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைப் பார்ப்பவன் நிற்கும் இடமும் தீர்மானிக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு ஓவியர் மக்பூல் ஃபிதா ஹுசைனின் படைப்புகளை அணுகுவோம். 1915-இல் பண்டர்ப்பூரில் பிறந்து, 2011-இல் இலண்டனில் மறைந்த அவரை நாடு பல காரணங்களுக்காகப் பேசியிருக்கிறது. அவருடைய குதிரைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவருடைய விளையாட்டைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு.

ஹுசைன் பம்பாய்க்கு வந்த புதிதில் அவருக்குச் சோறு போட்டது திரைப்பட விளம்பரப் பதாகை. சதுர அடிக்குச் சில அணாக்கள் கூலி. சாரத்தின் மேல் நின்று, ஆளுயரத்தைப் போல் பல மடங்கு பெரிய முகங்களை அவர் எழுதினார். பின்னர், 1940-களில், ஒரு மரச்சாமான் கடையில் குழந்தைகளுக்கான கட்டில், நாற்காலிகளுக்கு வடிவம் வகுத்தார். மரத்தை வெட்டி வண்ணம் தீட்டிப் பொம்மைகளும் செய்தார். 1947-இல் பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழு தோன்றியபோது அதில் சேர்ந்தவர், இந்த இரண்டு பள்ளிக்கூடங்களிலும் பயின்றுவிட்டே வந்தார். பெருங்கோடு இழுக்கும் துணிவைப் பதாகை கற்பித்தது. உருவத்தைச் சுருக்கிச் சிரிக்க வைக்கும் கலையைப் பொம்மை கற்பித்தது. கூலிக்குச் செய்த வேலை பிற்காலத்துக் கலையின் வேராயிற்று.

ராந்தலின் கதையும் இத்தகையதே. அவருடைய பாட்டனார் தகர வேலை செய்தவர்; விளக்குகளைச் செய்தும் பழுது பார்த்தும் வாழ்ந்தவர். அந்த விளக்கு பேரனின் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. 1956-இல் தீட்டிய 'சிலந்திக்கும் விளக்குக்கும் இடையே' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தின் பெயரிலேயே அது இடம்பெற்றுவிட்டது. 1967-இல் இராஜஸ்தானத்தில் அவர் எடுத்த 'ஓர் ஓவியனின் கண்கள் வழியே' என்னும் சிறுபடத்தில் உரையாடலே இல்லை. குடையும் செருப்பும் ராந்தலும் பாலைநிலத்தில் கதைமாந்தர்களைப்போல் வந்து போகின்றன. அப்படத்துக்குப் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்தது. படம் பார்த்தோரிற் சிலர் இதற்கு என்ன பொருள் என்று குழம்பினர். பாட்டனின் கைப்பொருளைப் பேரன் எடுத்து விளையாடுகிறான் என்பதைக்காட்டிலும் வேறு பொருள் எதற்கு? அது உரிமையுள்ள விளையாட்டு. உழைப்பின் நினைவு உள்ளே இருப்பதால் அது கேலியாக மாறவில்லை.

நம் தமிழ்நாட்டோடு தொடர்புடைய படைப்புக்கு இனி வருவோம். 1980-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த ஹுசைன், தெருவோரத் திரைப்படப் பதாகைகளைப் புகைப்படங்களாக எடுத்தார். 'தெருக்களின் பண்பாடு' என்பது அத்தொகுதியின் பெயர். மேலே வானளாவிய நாயகனும் நாயகியும். கீழே தம் போக்கில் போகும் எளிய மனிதர்கள். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார். பெரியதும் சிறியதும், கனவும் வெயிலும் ஒன்றோடொன்று உரசும்போது ஒரு குறுஞ்சிரிப்புப் பிறக்கிறது. வண்ணத்தையே உயிராகக் கொண்ட பதாகையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தமையால், பதாகை முகமும் மனித முகமும் ஒரே பொருளால் ஆனவைபோல் தோன்றுகின்றன. பதாகையைத் தம் கையாலேயே எழுதியிருந்தவரின் கண்ணுக்குத்தான் இது அகப்படும் என்பது நம் துணிபு.

அந்தப் பதாகைகள் எளிதில் பிறந்தவை அல்ல. சிறிய நிழற்படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெருந்துணியில் பெரிதாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் உருவத்தை ஏற்றுவார்கள். அருகில் நின்றால் இளஞ்சிவப்பும் நீலமும் மஞ்சளும் வெறும் அப்பலாகத் தெரியும். சாலையின் மறுபக்கம் போய் நின்றால் கன்னமும் கண்ணீரும் தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவனை மனத்தில் வைத்து, துணியின் அருகிலேயே நின்று எழுதும் வித்தை அது. கணிப்பொறியில் அச்சாகும் ஃபிளெக்ஸ் பரவிய பிறகு அவ்வித்தைக்கு வேலையில்லாமற் போயிற்று. தூரிகை பிடித்தவர்கள் பலர் வேறு பிழைப்புத் தேடிச் சென்றனர்.

இங்கேதான் நம் மனம் நெருடுகிறது. தொகுதி ஹுசைனின் பெயரால் விளங்குகிறது. படத்தில் பாதி இடத்தை நிறைத்து நிற்கும் அந்த மாபெரும் முகங்களை எழுதிய சென்னைத் தொழிலாளர்களின் பெயர் எங்கே? ஒரு காலத்தில் தாமும் பெயரில்லாத பதாகைத் தொழிலாளியாக இருந்தவரே, இன்னொரு பெயரில்லாதவனின் கைவேலையைத் தம் பெயருக்குள் அடக்கிக்கொண்டார். அவரிடம் அன்பு குறைவாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படங்களில் அன்பு நிறையவே இருக்கிறது. ஆனால் அன்பு வேறு, உரிமையை ஒப்புக்கொள்ளுதல் வேறு. இன்றைக்குப் பழைய பதாகை, பழைய சுவரொட்டி, பழைய தீப்பெட்டிப் படம் ஆகியவற்றைக் கையாளும் இளங்கலைஞர்கள் பலரிடமும் இக்குறை தொடர்கிறது.

ஹுசைனின் இறுதிப் பெரும்படைப்பு 'சீரூ ஃபில் அர்ள்'. பூமியில் பயணம் செய்யுங்கள் என்பது பொருள். திருக்குர்ஆனில் பயிலும் தொடர் அது. அவர் மறைந்த பின்னர், 2019 டிசம்பரில் கத்தார் நாட்டுத் தோஹாவில் அது திறந்துவைக்கப்பட்டது. கண்ணாடிக் குதிரைகள், பழைய மோட்டார் கார்கள், பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் உருவம் எல்லாம் அங்கே பொறிகளின் துணையால் இயங்குகின்றன. முதுமையின் விளிம்பில் நின்ற ஒருவர் பொம்மைக்காரராகத் திரும்பிவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவ்விளையாட்டுக்கு நம் மரபில் முன்னோடி உண்டு. அல்-ஜஸரீ 1206-இல் நிறைவு செய்த பொறிநூலில் யானைக் கடிகாரம் ஒன்று விளக்கப்படுகிறது. யானை, பாகன், பறவை, பாம்பு யாவும் சேர்ந்து ஆடி அரைமணிக்கு ஒருமுறை நேரத்தை அறிவிக்கும். இப்னு ஃபிர்னாஸோ, வாலமைப்பைக் கருதாமையால் இறங்கும்போது அடிபட்டார் என்று 17-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ குறிக்கிறார். ஒருவர் செய்முறையை எழுதிவைத்தார்; மற்றவரின் தோல்விகூடப் பெயரோடு நிற்கிறது. எனவே விளையாட்டும் பொறியும் கலையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதில் ஐயமில்லை. செய்தவன் பெயரையும் செய்முறையையும் காத்து வைப்பதே அவ்வீட்டின் மானம்.

இனிக் கள்ளக்குறிச்சியின் உளிக்குத் திரும்பலாம். தேரும் வாகனமும் எந்நாளும் கேட்கப்படும் பொருள்கள் அல்ல. சிறிய மரப் பொம்மை, பழைய வானொலியின் வடிவில் ஒரு பெட்டி, ராந்தல் வடிவில் ஒரு மேசை விளக்கு என்று நகரத்தார் கேட்டால் அந்தக் கைகளால் செய்ய முடியும். ஹுசைனும் பொம்மையைத் தாழ்வாக எண்ணியவரில்லை. தெய்வ உருவம் செதுக்கும் உளி விளையாட்டுப் பொருள் செய்வதால் மாசுபடும் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. நாம் அஞ்சுவது வேறு. வடிவம் வகுத்தவர் பெயர் கண்காட்சி அட்டையில் பெரிதாக அச்சிடப்படும். செதுக்கியவர் 'உள்ளூர்க் கைவினைஞர்' என்னும் ஒரு சொல்லுக்குள் கரைந்துபோவார். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காத்திருக்கிறது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயின் ஊருக்குக் கிடைத்த பெயர் ஆளுக்குக் கிடைத்த பெயராகாது.

ஆகவே கலைஞர்களுக்கும் கலைக்கூடத்தாருக்கும் நாம் சொல்வது இதுவே: தாராளமாக விளையாடுங்கள், பழையதை எடுத்துப் புதியதாக்குங்கள், மக்கள் சிரிக்கட்டும். சிற்பத்தின் அடியில், பதாகையின் ஓரத்தில், செய்தவன் பெயரையும் எழுதுங்கள். அதற்கு ஒரு விரற்கடை இடம் போதும்.