கடாரத்து அரண்மனை எங்கே?

கடாரம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நெஞ்சு நிமிராத தமிழர் மலேசியாவில் அரியர். பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், பொங்கல் விழா மேடை ஆகிய எங்கும் அப்பெயர் தவறாது இடம்பெறும். இராசேந்திர சோழன் கடல் கடந்து வந்தான்; கடாரத்தைக் கொண்டான்; மணி பதித்த அரண்மனை வாயிலைக் கைப்பற்றினான்; அந்நகரமே கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு. இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லப்பெறும். இவற்றுள் கல்வெட்டுச் சொன்னது எது, மண் சொன்னது எது, நாமே சொல்லிக்கொண்டது எது எனப் பிரித்துக் காண முயல்வோர் சிலரே. தமிழாசிரியர்க்கு இவ்வேலை புதிதன்று. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்த பெரியோர் வழியில் வந்தவர்கள் அவர்கள். அப்பயிற்சியைக் கடார வரலாற்றின்மேலும் செலுத்திப் பார்க்கலாமே.

முதலில் மெய்க்கீர்த்தியை நோக்குவோம். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டையொட்டி, அஃதாவது ஏறத்தாழ 1025 முதல், கடற்படையெடுப்புச் செய்தி அதில் சேர்கிறது. சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்னும் கடாரத்தரசன் தன் யானையோடு அகப்பட்டதும், அவன் குவித்து வைத்த பெருஞ்செல்வம் சோழர் கைப்பட்டதும், அவனது ‘அகநகரின்’ போர்வாயிலில் நின்ற வித்தியாதரத் தோரணமும் மணிக்கதவங்களும் கொள்ளப்பட்டதும் முதற்கண் கூறப்படுகின்றன. பின்னர்ச் சீவிசயம் தொடங்கி, பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம் என ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. மொத்தம் 13 பெயர்கள். கடைசிப் பெயர் கடாரம்.

இவ்விடத்தில் எழும் வினா இது: ‘அகநகர்’ என்றது எந்த நகரை? தோற்றவன் கடாரத்தரசன் எனப்படுவதால் அது கடாரமே என்று எளிதிற் சொல்லிவிடலாம். நம் மேடைகள் அவ்வாறே சொல்கின்றன. ஆனால் தோரணத்துக்கும் கதவங்களுக்கும் அடுத்து உடனே நிற்பது சீவிசயம். கடாரமோ பட்டியலின் இறுதியில், கடலைக் காவலாகக் கொண்ட வலிய ஊராகத் தனித்து நிற்கிறது. தோரணவாயில் சீவிசய நகரத்ததாயின் அது சுமத்திராவின் பலெம்பாங்கைச் சேரும், கெடாவைச் சேராது. ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, இவ்வரசனுக்கு முன்னிருந்தவனைச் சீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் ஒருங்கே தலைவனாகக் கூறுகிறது. இரண்டு நகரங்களை ஆண்ட ஒருவனின் ‘அகநகர்’ எதுவென்று தொடரமைப்பை மட்டும் கொண்டு துணிவது அரிது. எனக்குச் சீவிசயமே பொருத்தமாகத் தோன்றுகிறது. மாறாகக் கொள்வார்க்கும் இடமுண்டு. ஆனால் இப்படி ஒரு வினா இருப்பதையே மாணவர்க்குச் சொல்லாமல் விடுவது முறையன்று.

கடாரம் எது என்பதிலேயே ஒரு காலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. கனகசபைப் பிள்ளை முதலியோர் அதனைப் பர்மாவிலே தேடினர். 1918இல் பிரெஞ்சு அறிஞர் செதேஸ், சீவிசயம் பலெம்பாங், கடாரம் கெடா என்று காட்டிய பின்னரே வழி தெளிந்தது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்ற சொல்லைக் கொண்டு சங்ககாலத்துக்கே கடாரத்தை ஏற்றிச் செல்வாரும் உளர். காழகம் கடாரம் என்று உரை கண்டவர் நச்சினார்க்கினியர். பாட்டுக்கும் அவ்வுரைக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுத் தொலைவு. ஆடை, கருமை என்ற பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. உரையாசிரியர் கூற்றை மதிக்க வேண்டும்; அதற்காக அவரைக் கரிகாலன் காலத்துக் கண்கண்ட சாட்சியாக்கலாகாது.

சொல்லிலிருந்து அரண்மனை கட்டினால் என்ன நேரும் என்பதற்கு மேனாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவில் நொசோஸ் என்னும் பழம்பதி, கி.மு. 2000ஐ ஒட்டி எழுந்து கி.மு. 14ஆம் நூற்றாண்டளவில் அழிந்தது. 1878இல் அத்தீவினரான மீனோஸ் கலோகைரினோஸ் அங்கே முதலில் தோண்டிப் பெரிய தாழிகளைக் கண்டார். 1900இல் ஆங்கிலேயரான ஆர்தர் எவன்ஸ் பேரளவில் அகழத் தொடங்கினார். பல தளங்கள், ஒளி வரும் முற்றங்கள், நீர்க்குழாய்கள், வண்ண ஓவியங்கள் எனப் பெரியதொரு மாளிகை வெளிப்பட்டது. கிரேக்கர் கதைகளில் கிரீட்டை ஆண்ட மைனாஸ் என்ற மன்னன் வருகிறான். எவன்ஸ் அவன் பெயராலேயே அந்நாகரிகத்தை மினோவன் என்று வழங்கினார். அறைகளுக்கும் பெயரிட்டார்: இது அரியணை மண்டபம், இது அரசியின் இருப்பிடம் என்று. அதோடு நில்லாது 1920களில் இரும்பும் சிமெண்டும் கொண்டு தளங்களை எழுப்பிச் சிவப்புத் தூண்களை நிறுத்தினார். இன்று நொசோஸ் செல்பவர் காணும் காட்சியிற் பெரும்பகுதி அவர் கண்ட கனவுதான்.

எவன்சை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. மழையிலும் வெயிலிலும் சிதைந்துகொண்டிருந்த மாடிப்படிகளைத் தாங்க ஏதேனும் செய்துதான் தீரவேண்டியிருந்தது. ஆனால் கட்டியவர் தம் விருப்பத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார். சுவரோவியத் துண்டு ஒன்றில் நீல உருவம் குங்குமப்பூக் கொய்வதைக் கண்டு அதனைச் சிறுவன் என வரைவித்தார். பின்வந்தோர் ஆராய்ந்து அது குரங்கு என்று காட்டினர். அதற்கு வாலும் இருந்தது! பல துண்டுகளை ஒட்டி ஆக்கிய அல்லிமுடி இளவரசன், உண்மையில் வெவ்வேறு உருவங்களின் உறுப்புகளாக இருக்கக்கூடும் என்கின்றனர். இவற்றினும் பெரிது எழுத்துச் செய்தி. நொசோஸ் களிமண் ஏடுகளின் மொழி கிரேக்கம் அன்று என்ற கொள்கையோடே எவன்ஸ் 1941இல் மறைந்தார். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அவற்றுள் பிந்திய வகையைப் படித்துவிட்டார். மொழி கிரேக்கமே. மாளிகையின் கடைசிக் காலத்துக் கணக்கர் கிரேக்கத்தில் ஆடும் எண்ணெயும் எண்ணிக்கொண்டிருந்தனர்! முந்திய வகை எழுத்து இன்றும் படிக்கப்படவில்லை.

நொசோசில் மாளிகை இருக்கிறது. அதனைக் கட்டிய அரசனின் பெயர் இல்லை. கடாரத்தில் அரசன் பெயர் இருக்கிறது; மாளிகை இல்லை. அங்கே கதையைக் கொண்டு கல்லுக்குப் பெயரிட்டனர். இங்கே நாம் கல்லே இல்லாமல் அரண்மனை எழுப்பிவிட்டோம். சாண்டில்யனின் கடல்புறா படித்தவர் மனத்தில் கடாரத்து மாடங்களும் சாளரங்களும் பதிந்து கிடக்கின்றன. புதினம் தன் வேலையைச் செவ்வனே செய்தது. குறை, அதனை வரலாற்றுப் பாடமாக்கியவர்மேல்.

மண் சொல்வது என்ன? கோலாலம்பூருக்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கு அப்பால், குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் சூழ்ந்து கிடப்பது அப்பகுதி. சேம்ஸ் லோ என்ற ஆங்கிலப் படையலுவலர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே சிதைவுகளைக் கண்டு எழுதினார். அண்மையிலுள்ள செபராங் பிறையில் அவர் 1834இல் கண்ட கல்லில் புத்தகுப்தன் என்னும் பெருங்கடலோடியின் பெயர் உள்ளது. அவன் ஊராகக் குறிக்கப்படும் இரத்தமிருத்திகை வங்கநாட்டினதென்பர். 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்சும் அவர் மனைவியாரும் அகழ்ந்து ஏறத்தாழ 30 இடங்களுக்கு எண்ணிட்டனர். கிடைத்தவை கோயில் அடித்தளங்கள், புத்தர் படிவங்கள், சீனப் பீங்கான், மேலைநாட்டுக் கண்ணாடித் துண்டுகள், மணிகள். அரண்மனை எனத் துணியத்தக்க கட்டடம் ஒன்றும் அங்கே அடையாளம் காணப்படவில்லை. மரத்தாற் கட்டியிருப்பின் அந்த ஈரமண்ணில் ஆயிரம் ஆண்டு எவ்வாறு நிற்கும்?

இந்தியக் குடியேற்றம் என்ற சொல்லைத் தம் அறிக்கையின் தலைப்பிலேயே வைத்தவர் வேல்ஸ். அச்சொல் நமக்கு இனித்தது. ஆனால் அதுவும் எவன்சின் சிமெண்ட் போன்றதே. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழ்வு வேறொரு காட்சியைத் திறந்தது. இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்றூதிய மண்குழாய்கள் மிகப் பல, படகு அணையும் துறைகள். இவற்றுள் பழையவை கி.பி. 2ஆம் நூற்றாண்டின என்று அகழ்ந்தோர் கூறினர். அதனினும் மிக முற்பட்டன என்று பின்னர் வெளிவந்த கணிப்பு ஆய்வாளரிடையே வாதத்துக்கு உரியதாயிற்று. காலம் எதுவாயினும் ஆகுக. தம் கையால் இரும்பு உருக்கி வாணிகம் செய்த மக்கள் அங்கே இருந்தனர் என்பது தெளிவு. வந்தவர் வெறுங்காட்டில் நகரம் அமைத்தார் என்ற கதை அதனோடு ஒழிந்தது. தமிழ் வணிகர் அக்கரைகளுக்கு வந்துபோயினர் என்பதற்குத் தக்குவாபாவிலும், சுமத்திராவின் பாருசிலும் தமிழ்க் கல்வெட்டுகளே உள்ளன. பாருசினது 1088ஆம் ஆண்டினது. அச்சிறப்பை வேறோர் ஊரின் இரும்பின்மேல் ஏற்ற வேண்டிய தேவை நமக்கில்லை.

சுங்கை பத்து என்றதும் நம்மவர் சிலர்க்குப் பத்துப்பாட்டு நினைவுக்கு வருகிறது! மலாய் மொழியில் பத்து என்பது கல். நம் பத்துமலையின் பெயரும் அங்குள்ள பத்து ஆற்றினின்றே வந்தது. ஆறுபடை வீட்டுக்குப் பின் பத்தாவது மலை என்பதெல்லாம் அடியார் அன்பு கண்ட பொருள். அன்பிற்கு அதில் உரிமையுண்டு, சொல்லாராய்ச்சிக்கு இல்லை. பூஜாங் என்பதைப் புசங்கம், அஃதாவது பாம்பு, என்று விரிப்பதிலும் இதே விழிப்பு வேண்டும். மணமாகாத ஆடவனையும் மலாயர் பூஜாங் என்பர். பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை 1891இல் வழிபாடு அமைத்ததையும், 1892 முதல் அங்கே தைப்பூசம் நடப்பதையும் கூச்சமின்றி ஆண்டு சொல்லித்தானே கூறுகிறோம். ஆண்டு தெரிந்ததனால் அக்கோயிலுக்கு ஒரு காவடியேனும் குறைந்ததா?

நம் எழுத்துகளில் எனக்குள்ள பெருங்குறை, அவை ‘கொண்டான்’ என்ற வினையோடு நின்றுவிடுவது. கடாரம் தமிழகத்தில் என்ன செய்தது என்பதற்கு அதனினும் நீண்ட சான்று உண்டு. நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்மன் பெயரால் அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அளித்தான். தமிழ்ப் பகுதி அவ்வேந்தனைக் கடாரத்தரையன் என்றே சுட்டும். அவ்வறம் இராசேந்திரன் செப்பேட்டில் ஏறியது. அவனே பின்னர்ப் படையெடுத்தான். 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்துத் தூதுவர் வேண்டுகோளின்படி விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்தான். படையெடுப்புக்கு முன்னும் பின்னும் நின்ற உறவு இது. மலாய் நண்பர் ஒருவரோடு அமர்ந்து படிக்க ஏற்ற ஏடும் இதுவே. நம் மலர்களிலோ இதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

அவ்விகாரத்தைச் சேர்ந்ததென்று பலர் கருதிய, சீனக் கோபுரம் என வழங்கிய செங்கற் கோபுரம் நாகையில் 19ஆம் நூற்றாண்டிலும் நின்றது. அரசின் இசைவோடு 1867இல் இடிக்கப்பட்டது. எஞ்சியவை அவ்வூரில் பூமிக்கடியிற் கிடைத்த முந்நூற்றுக்கு மேற்பட்ட புத்த வெண்கலப் படிமங்கள். கெடாவில் நடந்தது இதன் மறுபாதி. வேல்ஸ் எண்ணிட்டவற்றுள் 11ஆம் எண் கோயில், வீட்டுமனைப் பணிக்காகத் தகர்க்கப்பட்டதென்று 2013ஆம் ஆண்டின் இறுதியில் தெரியவந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அவ்விடம் அறிவிக்கப்படவில்லை. செய்தி வந்தபின் நாம் எழுப்பிய குரல் பெரிது, நேர்மையானதும்கூட. அதற்கு முன்? மெய்க்கீர்த்தியின் 13 ஊர்களை மனப்பாடமாகச் சொல்லும் நம்முள், எண் 11 எங்கே இருந்தது என்று அறிந்தவர் எத்தனை பேர்?

ஆசிரியர்கள் மாணவரை மெர்போக்குக்கு அழைத்துச் செல்வது நல்ல வழக்கம்; அது மேலும் பெருகவேண்டும். அங்கே காணத்தக்கது புக்கிட் பத்து பகாட் சண்டி. சண்டி என்பது கோயில் எச்சத்துக்கு மலாய் வழக்கு. அலஸ்டர் லாம்ப் 1959, 1960இல் அதனைச் சீரமைத்தார். கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் கல்லால் நிற்கின்றன. மரத்தாலான மேற்பகுதி எவ்வாறிருந்ததோ என்று கற்பனை செய்து அவர் கூரை எழுப்பவில்லை. நொசோஸ் படத்தை அருகில் வைத்துக் காட்டினால் சிறுவர்க்கும் வேற்றுமை விளங்கும். அருங்காட்சியக வளாகத்தில் உள்ள பிற சண்டிகளுள் பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகியவை வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைத்தவை. இதனை வாயிலிலேயே சொல்லிவிடுவது நன்று. இல்லையெனில், மலைச்சரிவில் அடுத்தடுத்து நிற்கும் அவற்றைக் கண்டு, இதோ கடாரத்துக் கோநகர் என்று பிள்ளைகள் கட்டுரைப் புத்தகத்தில் எழுதிவிடுவர்.