வீட்டில் ரேடான் சோதனை: அளப்பது சரி, எழுதுவது?

அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்கள் ஒரு சின்ன டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். உள்ளே இருப்பது கரி. அதைச் சில நாள் ஓர் அறையில் திறந்து வைத்து, பிறகு மூடி, ஆய்வுக்கூடத்துக்கு அஞ்சலில் அனுப்பினால், அந்த வீட்டுக் காற்றில் ரேடான் எவ்வளவு என்று ஓர் எண் வரும். அறிவியல் பாடத்துச் செயல்திட்டம்தான். ஆனால் கருத்துணர்தலுக்கும் அறிக்கைக்கும் இது நல்ல கரு என்பதால், தமிழாசிரியர் கண்ணோடும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

முதலில் விஷயம். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் வாயு ரேடான். நிறம் இல்லை, மணம் இல்லை. குளிர்நாட்டு வீடுகளில் சன்னல்கள் மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். உள்ளே சூடான காற்று மேலே ஏற ஏற, அடித்தள விரிசல் வழியாக மண்ணுக்குள் இருக்கும் காற்றை வீடு உறிஞ்சிக்கொள்ளும். அதோடு ரேடானும் வரும். அது சிதையும்போது உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் நுரையீரல் புற்றுநோய் வந்து இறப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

இந்தப் பாடத்தைத் தொடங்க ஒரு பிரபலமான கதை உண்டு. 1984 டிசம்பரில், பென்சில்வேனியாவின் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்பவர் கதிர்வீச்சு கண்டறியும் கருவியைத் தாண்டும்போதெல்லாம் எச்சரிக்கை மணி அடித்தது. நிலையமோ இன்னும் மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. வெளியே போகும்போது அல்ல, உள்ளே நுழையும்போதே மணி அடித்தது! கடைசியில் பார்த்தால் காரணம் அவருடைய வீடு. ஒரு லிட்டர் காற்றுக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி. வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் சொல்லப்படும் அளவு வெறும் 4.

அருமையான கதைதான். ஆனால் பாடம் முழுவதும் இதன் பின்னாலேயே ஓடிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. 2,700ஐக் கேட்ட மாணவனுக்கு, தன் வீட்டில் வந்த 5 ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இல்லையென்றால் நேர் எதிராக, 4ஐத் தாண்டிவிட்டதே என்று கதிகலங்கிப் போவான். உண்மையில் பெரும்பாலான மாணவர்கள் கையில் வரப்போவது இந்த மாதிரிச் சின்ன எண்கள்தான். அவற்றை எப்படிப் படிப்பது என்பதில்தான் பாடமே இருக்கிறது.

அளக்கும் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் ஆட்கள் புழங்கும் மிகக் கீழான தளத்தில் வைக்க வேண்டும். சமையலறையும் குளியலறையும் கூடாது. தரையிலிருந்து அரை மீட்டராவது உயரம் வேண்டும். குறுகிய காலச் சோதனை என்றால் 12 மணி நேரம் முன்பிருந்தே சன்னல்களை மூட வேண்டும். ரேடானின் அரைவாழ்வு 3.8 நாள். டப்பாவைப் புத்தகப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு வாரம் மறந்துபோனால், கரி பிடித்து வைத்த ரேடானில் முக்கால்வாசி போயே போச்சு! அரைவாழ்வு என்றால் என்ன என்று பலகையில் கோடு போட்டு விளக்குவதைவிட இது நன்றாக உறைக்கும்.

சறுக்கல் எழுத்தில்தான். 4க்கு மேல் ஆபத்து, 4க்குக் கீழ் பாதுகாப்பு என்று மாணவர் எழுதிவிடுகிறார். அந்த 4 நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவே தவிர, பாதுகாப்பின் எல்லை அல்ல. 2க்கும் 4க்கும் இடையில் இருந்தாலே சரிசெய்வதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது அதே முகமை. இன்னொன்று பாருங்கள். ஒரு வீட்டில் கனமீட்டருக்கு 180 பெக்கரல் என்று வைத்துக்கொள்வோம். 37ஆல் வகுத்தால் 4.9 பிக்கோகியூரி வரும். அமெரிக்காவில் அந்த வீட்டைச் சரிசெய்யச் சொல்வார்கள். கனடாவின் வழிகாட்டி அளவு 200, ஆகவே அங்கே அது வரம்புக்குள். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்ததோ 100. காற்று அதேதான், எண்ணும் அதேதான். யார் எங்கே கோடு போட்டார்கள் என்பதுதான் வேறு. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்குக் கருத்துணர்தலில் எந்த அட்டவணையைக் கொடுத்தாலும் தடுமாற்றம் வராது.

அடுத்து நம் பசங்களின் பழக்கம். ரேடான் என்று சொன்னவுடன் "கண்ணுக்குத் தெரியாத எமன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆங்கிலச் சுவரொட்டிகளும் இதையேதான் வேறு சொல்லில் செய்கின்றன. உருவகம் அழகாக இருக்கலாம். ஆனால் எமன் வந்தால் தப்பிக்க வழியில்லையே! ரேடானுக்கு வழி இருக்கிறது. தளத்துக்கு அடியிலிருந்து ஒரு குழாய், ஒரு மின்விசிறி; வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விட்டுவிடலாம். வாட்ரஸ் குடும்பமே பிறகு அதே வீட்டுக்குத் திரும்பியது. அறிக்கையில் எமனுக்கு வேலையில்லை. "நிலவறைப் படுக்கையறையில், சன்னல்களை மூடி, மூன்று நாள் வைத்த டப்பா லிட்டருக்கு 4.9 பிக்கோகியூரி காட்டியது; ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால் மறுசோதனை தேவை" என்று எழுதினால் போதும். இடம், நிலை, காலம், அலகு, அடுத்த படி எல்லாம் வந்துவிட்டன.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறொன்று. எல்லா வீட்டு எண்களையும் வகுப்பறைச் சுவரில் பெயரோடு ஒட்டினால் என்ன ஆகும்? வீட்டை விற்க நினைக்கும் பெற்றோர் இருப்பார்கள். வாடகை வீட்டுப் பிள்ளை 9 என்ற எண்ணோடு நிற்கும். குழாய் போடும் உரிமை அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. சொந்த வீட்டுப் பிள்ளைக்கு அது வீட்டுப்பாடம், இந்தப் பிள்ளைக்குக் கவலை. பெற்றோர் சம்மதம் வாங்காமல், எண்களைப் பெயர் நீக்கிச் சேர்க்காமல் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. (நம் நாட்டில் டப்பாவை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை என்றும் நினைக்கிறேன். சன்னலும் கதவும் திறந்தே கிடக்கும், நிலவறையே இல்லாத வீடுகளில் அந்தச் சோதனையின் நிபந்தனைகளே பொருந்தாது.)

ஆகவே தேர்வு மாணவர்களுக்கு, சுவரொட்டி வாசகத்துக்குப் பதிலாக, அந்த வாடகை வீட்டுப் பிள்ளையின் குடும்பம் வீட்டு உரிமையாளருக்கு எழுதும் அதிகாரப்பூர்வக் கடிதத்தைக் கொடுத்துப் பாருங்கள். சோதனை நடந்த நாள், அறை, கிடைத்த அளவு, மறுசோதனையின் முடிவு, என்ன செய்யக் கேட்கிறோம், எப்போதைக்குள் பதில் வேண்டும். மிரட்டலும் கெஞ்சலும் இல்லாமல், 150 சொல்லுக்குள்.