தனியாளுக்குத்தான் குல்மர்க் மலிவு

பனியில் சறுக்கிப் பழக சொத்தை விற்க வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! ஆல்ப்ஸ் மலையின் பெரிய ஊர்களில் ஒரு நாள் லிஃப்ட் பாஸே 70, 80 யூரோ ஆகும், அது உண்மைதான். ஆனால் நமக்குக் காஷ்மீரில் குல்மர்க் இருக்கிறதே! போன பிப்ரவரியில் மதுரையிலிருந்து தன்னந்தனியாகப் போய்ச் சறுக்கிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் இதே பேச்சுதான். அலுவலகத்தில் என்னைக் கண்டாலே இப்போது நழுவுகிறார்கள். அதனால் உங்களைப் பிடித்திருக்கிறேன்.

“பனியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா யாருடி தூக்குவா? கூட ஒரு ஆளையாவது கூட்டிட்டுப் போ” என்றார் அம்மா. கூட யாரும் வராததுதான் என் பணத்தைக் காப்பாற்றியது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நாலு பேராகப் போகிறவர்கள் முழு டாக்ஸி பிடிப்பார்கள், இரண்டு அறை எடுப்பார்கள், அவரவர் வசதிக்கு விடுமுறைத் தேதி பார்த்து விலை உச்சத்தில் இருக்கும்போது போய் இறங்குவார்கள். தனியாள் அப்படியா? பகிர்வு சுமோவில் ஒரு இடம், வீட்டுத் தங்கலில் ஒரு கட்டில், எது மலிவோ அந்தக் கிழமை. யாரையும் கேட்க வேண்டாம்!

எப்போது போவது என்பதில்தான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள். பனி அப்போதுதான் கொட்டும் என்று ஜனவரி முதல் வாரத்துக்கே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். 2024 ஜனவரியில் குல்மர்க் பெரும்பாலும் வறண்டு கிடந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். என் கணக்கில் பிப்ரவரி நடுப்பகுதிதான் நம்பகமானது. தங்குமிடத்தை ரத்துசெய்ய வழி இருக்கும்படி பதிவு செய்துகொண்டால் வானிலைச் செய்தியைப் பார்த்துத் தேதியை நகர்த்திக்கொள்ளலாம்.

விமானம் மலிவாகக் கிடைத்தால் ஸ்ரீநகருக்கே பறந்துவிடலாம். நான் ரயிலில் போனேன், அதற்காகக் கொஞ்சமும் வருந்தவில்லை. சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகிறது. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலம்! பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கைபேசியை நீட்டினோம். அந்த ஒரு காட்சிக்கே டிக்கெட் காசு செரித்துவிட்டது. பனி கொட்டினால் விமானமும் ரத்தாகும், ஜம்மு நெடுஞ்சாலையும் அடைபடும். ஆகவே திரும்பும் பயணத்துக்கு முன்னால் ஒரு நாளைச் சும்மா விட்டுவைப்பது நல்லது. இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. கிளம்புமுன் போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். தனியாகப் போகிறவருக்குப் போன்தானே துணை.

தங்கியது குல்மர்க்கில் அல்ல, 13 கிலோமீட்டர் கீழே தங்மர்க்கில். பனிக்காலத்தில் சங்கிலி போட்ட சக்கரமும் நான்கு சக்கர இழுவையும் உள்ள வண்டிதான் மேலே ஏறும் என்பதால், ஸ்ரீநகரிலிருந்து வருகிறவர்கள் எப்படியும் அங்கே வண்டி மாற வேண்டியிருக்கிறது. வாடகையும் மேலே இருப்பதைவிடக் குறைவு. காலையில் ரொட்டியும் உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நூன் சாயும். முதல் மடக்கில் முகம் சுளித்தேன், ஊர் திரும்பும்போது அந்தத் தேயிலையில் அரைக் கிலோ கட்டிக்கொண்டு வந்தேன்.

இனி முக்கியமான விஷயம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் புகழ்பெற்ற கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி தேவையே இல்லை! கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மெல்லிய சரிவுகளே போதும். இழுத்துக்கொண்டு போய் மேலே விடும் சிறிய லிஃப்ட் இருக்கிறது. அதற்கும் செலவழிக்க மனமில்லையென்றால் பக்கவாட்டில் படியேறுவது போல அடியெடுத்து வைத்து நாமே ஏறலாம், உடற்பயிற்சி இலவசம். உடைக்கும் கடைக்கு ஓட வேண்டாம். தண்ணீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே தெர்மல் போதும், பருத்தி மட்டும் கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பை உறைய வைத்துவிடும்.

பூட்ஸில் மட்டும் சமரசமே கூடாது. இரண்டு காலுறை போட்டால் கதகதப்பு என்று தோன்றும். ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறைதான் சரி. குதிகால் உள்ளே எழும்பினால் ‘வேற கொடுங்க’ என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சறுக்குப் பலகையோடு பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங்கை உங்கள் எடை, உயரம், வயது பார்த்துத்தான் முடுக்க வேண்டும். எடையைக் குறைத்துச் சொன்னால் சறுக்கும்போதே கழன்றுகொள்ளும். பெண்களே, அங்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள்!

பயிற்சியாளரைச் சுற்றுலாத் துறைப் பதிவு அட்டை பார்த்துத்தான் அமர்த்த வேண்டும். நான் புனேயிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு பெண்ணோடு சேர்ந்துகொண்டேன், கட்டணம் ஆளுக்குப் பாதி. முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை அகட்டி, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்தி நிற்பதுதான் முதல் பாடம். பயத்தில் உடம்பு தானாகவே பின்னால் சாயும். சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்காது. முழங்காலை மடக்கி, கணைக்கால் எலும்பைப் பூட்ஸின் முன்பக்கத்தில் அழுத்த வேண்டும். “ஆகே ஜுகோ, தீதி!” (முன்னால் குனி, அக்கா!) என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருந்தார். பள்ளத்தைப் பார்த்துக் குனிய எந்த மனித மனம் சம்மதிக்கும்?

ஒரு கணத்தில் சம்மதித்தது. தேர் நிலையை விட்டு அசையுமே, அப்படி ஒரு மெல்லிய அசைவு, பிறகு ஓட்டம்! காற்று காதில் அடிக்கிறது, கீழே பனி ‘ஸ்ஸ்ஸ்’ என்கிறது, தேவதாரு மரங்கள் பின்னால் போகின்றன, வாயிலிருந்து வருவது அலறலா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய உடம்புக்கு இப்படி ஒரு சுகம் மிச்சமிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? சரிவின் அடியில் நிறுத்தத் தெரியாமல் பக்கவாட்டில் விழுந்தேன். எழுந்ததும் கேட்ட முதல் வார்த்தை, “இன்னொரு தடவை!”

குல்மர்க் சமவெளி 2,650 மீட்டர், அதாவது ஏறக்குறைய நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம். முதல் நாள் மூச்சு வாங்கும், நிதானமாக இருங்கள். வெயிலைப் பனி திருப்பி அடிப்பதால் சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் கட்டாயம். கடைசி நாளில் கொண்டோலாவில் வேடிக்கை பார்க்க மட்டும் ஏறினேன். காங்டூரி வழியாக ஏறக்குறைய 3,950 மீட்டரில் அஃபர்வத் வரை கொண்டுபோகிறது. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை! ஆனால் அங்கிருந்து இறங்குவது தேர்ந்தவர்களின் வேலை. 2024 பிப்ரவரியில் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போன வெளிநாட்டுக் குழு பனிச்சரிவில் சிக்கி ரஷ்யர் ஒருவர் இறந்தார். அந்தச் சரிவில் தனியாக இறங்குவது தைரியம் அல்ல, மடத்தனம். பயணக் காப்பீடு எடுக்கும்போதும் பனி விளையாட்டு அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

இன்னும் ஒழுங்காகக் கற்க நினைப்பவர்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஸ்கீயிங், மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மர்க்கிலேயே இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, கருவி, பயிற்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். அடுத்த முறை நான் அதில்தான் சேரப் போகிறேன். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அக்டோபரிலேயே விண்ணப்பத்தைத் தேடத் தொடங்குங்கள், துணைக்கு ஆள் தேடாதீர்கள்.